சென்னை – டொராண்டோ: விமான தூரமும் பயண நேரமும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. அதனால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால் ஒருவர் 20 என்பார், இன்னொருவர் 36 மணி நேரம் போட்டிருக்கும் டிக்கெட்டையே எடுத்துக் காட்டுவார். இரண்டுமே உண்மைதான். எந்த ஊர் வழியாகப் போனாலும் தூரம் பெரிதாக மாறுவதில்லை. நடுவில் காத்திருக்கும் நேரம்தான் பயணத்தை நீட்டுகிறது. அதற்கு அடுத்தபடியாகக் காற்றும் மூடிக் கிடக்கும் வான்வெளியும் நேரத்தைக் கூட்டும். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடத் தெரிந்துவிட்டால், டிக்கெட் தளம் காட்டும் நாற்பது வரிசையில் உருப்படியான நாலைந்தை ஐந்து நிமிடத்தில் பிரித்தெடுத்துவிடலாம்.

கீழே உள்ள எண்கள் சென்னை – டொராண்டோவுக்கானவை. முறை எந்த இரு ஊருக்கும் ஒன்றுதான்.

படி 1: நேர் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அதைக் கணக்கிட இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும்.

சென்னை (மீனம்பாக்கம்): வடக்கு 12.99°, கிழக்கு 80.17°
டொராண்டோ (பியர்சன்): வடக்கு 43.68°, மேற்கு 79.62°

சூத்திரம் இதுதான்:

கொசைன்(கோணம்) = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + கொசைன்(அட்சம் 1) × கொசைன்(அட்சம் 2) × கொசைன்(தீர்க்க வேறுபாடு)

ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்க ரேகைகளைக் கூட்ட வேண்டும்: 80.17 + 79.62 = 159.79°. இனி எண்களைப் போடுவோம்.

முதல் பகுதி: 0.2248 × 0.6906 = 0.1552
இரண்டாம் பகுதி: 0.9744 × 0.7232 × (−0.9384) = −0.6613
கூட்டினால்: −0.5061

கால்குலேட்டரில் −0.5061-க்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 120.4° வரும். பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கி.மீ. ஆக, 120.4 × 111.2 = சுமார் 13,390 கி.மீ. மைலில் 8,320, விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 7,230.

விடை ஏறுக்கு மாறாக வந்தால் பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் பிசகியிருக்கும். கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியனில் இருக்கலாம். சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வரவில்லையென்றால் அமைப்பை மாற்றுங்கள். இரண்டாவது, மேற்குத் தீர்க்கத்தைக் கிழக்கு என்று எடுத்துக் கழித்திருப்பீர்கள். இந்த இரு ஊர்களுக்கு அப்படிச் செய்தால் வேறுபாடு அரை டிகிரிதான் வரும். டொராண்டோ கஜகஸ்தானில் வந்து உட்கார்ந்துவிடும். மூன்றாவது, வரைபடத்தில் 43° 40′ என்று போட்டிருப்பதை 43.40 என்று எழுதியிருப்பீர்கள். 40 கலை என்றால் 60-ல் 40 பங்கு, அதாவது 43.67.

பூமி சரியான கோளம் அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் இந்தச் சூத்திரத்தில் அதிகபட்சம் அரை சதவீதம் வரை பிசகலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. இணையதளத்துக்கு இணையதளம் பத்து இருபது கி.மீ. மாறி வந்தாலும் கவலைப்பட வேண்டாம். சில தளங்கள் விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளும், சில நகரின் மையத்தை எடுத்துக்கொள்ளும்.

படி 2: அந்தப் பாதை எந்த நாடுகளின் மேல் போகிறது என்று பாருங்கள்

உலக உருண்டை ஒன்றில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது மேற்கே போகாது, வடக்கு வடமேற்காகக் கிளம்பும். பஞ்சாபில் ஃபாசில்கா பக்கம் எல்லையைத் தாண்டி, பாகிஸ்தான், தஜிகிஸ்தான், கஜகஸ்தான் மேல் ஏறி, ரஷ்யாவில் யூரல் மலைப் பகுதியைக் கடந்து, நார்வேயின் வடகோடியைத் தொட்டு, 73.6° வடக்கு வரை ஆர்க்டிக்குக்குள் போகும். பிறகு கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்து, கியூபெக் வழியாகத் தெற்கே இறங்கும். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் இது தலைசுற்றும் வளைவாகத் தெரியும். அதுதான் குறுக்குவழி.

நடைமுறையில் இந்தக் கோட்டில் அப்படியே பறக்க முடியாது. உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யா தன் வான்வெளியைக் கனடா, ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட 36 நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. பாகிஸ்தான் 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடி, அதை மாதாமாதம் நீட்டித்து வந்தது. ஆப்கானிஸ்தான் மேல் பறப்பதை 2021 ஆகஸ்டுக்குப் பின் பல நிறுவனங்கள் தவிர்த்தன. ஈரான், ஈராக் பக்கம் பதற்றம் எழும்போதெல்லாம் பாதை ஒரே இரவில் மாறுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, தடை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பது. ரஷ்யா மேல் ஏர் கனடாவும் லுஃப்தான்சாவும் போக முடியாது. ஏர் இந்தியாவும் எமிரேட்ஸும் போகலாம். பாகிஸ்தான் மேல் ஏர் இந்தியா போக முடியாத நாட்களில் ஐரோப்பிய நிறுவனம் போகலாம். ஒரே இரு ஊர்களுக்கு இடையே இரண்டு நிறுவனங்கள் ஒரு மணி நேர வித்தியாசத்தில் நேரம் போட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 3: இணைப்பு ஊரைச் சேர்த்துத் தூரத்தைக் கூட்டுங்கள்

மேலே சொன்ன சூத்திரத்தை ஒவ்வொரு தாவலுக்கும் (ஒரு விமானம் ஏறி இறங்கும் ஒரு கட்டத்துக்கு) தனியாகப் போட்டால் கிடைப்பது:

பிராங்க்ஃபர்ட் வழி: 7,590 + 6,340 = 13,930 கி.மீ.
லண்டன் வழி: 8,230 + 5,710 = 13,940 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.
டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.

டெல்லி ஏறக்குறைய குறுக்குவழிக் கோட்டின் மேலேயே இருக்கிறது. நேர் தூரத்தைவிடப் பத்து கி.மீ.தான் கூடுதல். துபாய் வழி போனால் 620 கி.மீ. சுற்று. கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் விமானத்துக்கு அது முக்கால் மணி நேரம். இந்த நான்கில் எதை எடுத்தாலும் தூரத்தால் வரும் வேறுபாடு முக்கால் மணியைத் தாண்டாது. "அது சுற்றுவழி" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு டிக்கெட்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 4: பறக்கும் நேரத்தை மதிப்பிடுங்கள்

நீண்ட தூர விமானங்களான போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவை ஒலியின் வேகத்தில் 0.84 முதல் 0.85 பங்கு வேகத்தில் பறக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் வெளியே வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. ஆக, காற்றே இல்லாவிட்டால் விமானத்தின் வேகம் சுமார் 900 கி.மீ.

காற்று இல்லாமல் இருக்காது. வடக்கு அரைக்கோளத்தின் நடு அட்சங்களில், விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. அதன் நடுப்பகுதியில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வீசுவது சாதாரணம். குளிர்காலத்தில் வேகம் இன்னும் கூடும். கனடா போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அட்லாண்டிக்கின் மேல் விமானங்கள் போக வேண்டிய தடங்களையே அன்றன்றைக்குக் காற்றைப் பார்த்துத்தான் வகுக்கிறார்கள். கனடாவின் காண்டர், பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் ஆகிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்கள் தினம் இரண்டு முறை புதிய தடங்களை வெளியிடுகின்றன. பகலில் மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கு நோக்கி வருகிறவர்களுக்கு இன்னொரு தொகுதி.

எனவே கணக்குக்கு:

1. நேர் தூரத்தோடு 3 முதல் 6 சதவீதம் கூட்டுங்கள். விமானம் நேர்கோட்டில் போகாததற்கான ஈடு இது. அட்லாண்டிக் தாவலுக்கு 3 போதும். மேற்கு ஆசியாவைச் சுற்றிப்போகும் தாவலுக்கு 5, 6 வைத்துக்கொள்ளுங்கள்.
2. மேற்கே போகும்போது 830 முதல் 860-ஆலும், கிழக்கே வரும்போது 940 முதல் 960-ஆலும் வகுங்கள்.
3. ஏறி இறங்கவும் ஓடுதளம் வரை உருளவும் அரை மணி சேருங்கள்.

பிராங்க்ஃபர்ட் – டொராண்டோவுக்குப் போட்டுப் பார்ப்போம். 6,340-உடன் 3 சதவீதம் சேர்த்தால் 6,530. போகும்போது 830-ஆல் வகுத்தால் 7 மணி 52 நிமிடம். அரை மணி கூட்டினால் 8 மணி 20 நிமிடத்துக்குச் சற்று மேல். கால அட்டவணையில் எட்டரை மணி அளவில் போட்டிருப்பார்கள். திரும்பும்போது 960-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் 7 மணி 20 நிமிடம். அதே கடல், அதே விமானம், ஒரு மணி நேர வித்தியாசம்.

மற்ற தாவல்களுக்கு நடைமுறையில் எதிர்பார்க்க வேண்டியவை: சென்னை – பிராங்க்ஃபர்ட் சுமார் 10 மணி, சென்னை – லண்டன் பத்தே முக்காலிலிருந்து 11, லண்டன் – டொராண்டோ 8, சென்னை – துபாய் 4 முதல் நாலேகால், துபாய் – டொராண்டோ 14. டெல்லி – டொராண்டோ, பாதை திறந்திருந்தால் 14 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். பாகிஸ்தான் மூடியபின் வட அமெரிக்காவுக்கான ஏர் இந்தியா விமானங்களில் சில நடுவில் ஐரோப்பாவில் எரிபொருள் நிரப்ப இறங்க வேண்டி வந்தது. டெல்லி வழி எடுப்பவர்கள் "நிறுத்தம் இல்லை" என்று எழுதியிருக்கிறதா, "விமானம் மாறத் தேவையில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்.

நீங்கள் போட்ட கணக்கைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி: விமான எண்ணை, விமானங்களின் போக்கைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 இணையதளத்தில் தேடி, கடந்த ஒரு வாரத்தில் உண்மையில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். அட்டவணை நேரத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்து வைப்பார்கள். தினமும் இருபது நிமிடம் முன்னதாக இறங்கும் விமானத்தை நம்பிக் குறுகிய இணைப்பு எடுக்கலாம். வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வரும் விமானத்தை நம்பி எடுக்கக் கூடாது.

படி 5: கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் இருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். "காலை 1:50-க்குக் கிளம்பி மாலை 3:50-க்கு இறங்குகிறது, அப்படியானால் 14 மணி நேரம்" என்று எண்ணி ஏமாறுவது இங்கேதான்.

இந்தியா உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. டொராண்டோ குளிர்காலத்தில் 5 மணி பின்னே, கோடையில் 4 மணி பின்னே. ஆகவே சென்னைக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி.

ஒரு கோடைக்கால உதாரணம். புதன் காலை 1:50-க்குச் சென்னையில் கிளம்பும் விமானம் காலை 8:20-க்கு பிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. அங்கிருந்து பகல் 1:20-க்குக் கிளம்பி, மாலை 3:50-க்கு டொராண்டோ. மொத்த நேரம் காண, இறங்கும் நேரத்தை இந்திய நேரமாக மாற்றுங்கள்: மாலை 3:50-உடன் ஒன்பதரை மணி கூட்டினால் வியாழன் காலை 1:20. புதன் 1:50-லிருந்து வியாழன் 1:20 வரை 23 மணி 30 நிமிடம்.

தாவல் தாவலாகவும் கூட்டிப் பாருங்கள். முதல் பறப்பு 10 மணி, காத்திருப்பு 5 மணி, இரண்டாம் பறப்பு எட்டரை மணி. கூட்டினால் இருபத்து மூன்றரை. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்கு சரி. வரவில்லையென்றால் ஏதோ ஒரு ஊரின் கோடை நேரத்தைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள்.

கோடை நேரம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் மாறுவதில்லை. கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு. 2026-ல் மார்ச் 8 முதல் 29 வரையிலும், அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரையிலும் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வழக்கமான 5 மணிக்குப் பதில் 4 மணிதான் வித்தியாசம். இந்த வாரங்களில் விமான நேரங்கள் மாற்றப்பட்டு, இரண்டரை மணி இணைப்பு ஒன்றரையாகச் சுருங்கலாம். நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்தவர்கள் இந்தத் தேதிகளில் பயணம் வந்தால் மின்னஞ்சலைக் கவனமாகப் பாருங்கள்.

இன்னொன்று. புதன் காலை 1:50 விமானம் என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது செவ்வாய் இரவு. சென்னையிலிருந்து ஐரோப்பா, வளைகுடா போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. புதன் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் விமானத்தைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. நாட்காட்டியில் விமானத் தேதியை எழுதாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் தேதியை எழுதுங்கள்.

படி 6: இணைப்பு நேரத்தைச் சரியாக எடுங்கள்

பயண நேரத்தைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். தூரத்தில் நீங்கள் மிச்சப்படுத்தக்கூடியது முக்கால் மணி. இங்கே பத்து மணி வரை மிச்சமாகும், அல்லது ஒரு நாளே பறிபோகும்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குக் குறைவான இணைப்பைத் தளம் விற்காது. பிராங்க்ஃபர்ட்டில் அது 45 நிமிடம் வரை இறங்குகிறது. லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் முனையத்துக்குள்ளேயே மாறினால் ஒரு மணி. விற்கிறார்கள் என்பதால் அது போதும் என்று அர்த்தமில்லை. முந்நூறு பேர் இருக்கும் விமானத்தின் பின் வரிசையிலிருந்து வெளியே வர 20 நிமிடம். ஐரோப்பிய நிலையங்களில் இணைப்புப் பயணிகளுக்கும் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. கூட்டமான காலையில் அதற்கு அரை மணிக்கு மேல். நடை 15 நிமிடம். ஏறும் வாயில் கிளம்புவதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். கூட்டினால் ஒன்றரை மணி வந்துவிட்டது, சென்னை விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்திருந்தால்.

எங்கள் பரிந்துரை: பிராங்க்ஃபர்ட்டிலோ, ஹீத்ரோவில் ஒரே முனையத்திலோ மாறுவதாக இருந்தால் இரண்டரை முதல் நான்கு மணி. துபாயில் இரண்டு முதல் நான்கு. டெல்லியில் உள்நாட்டு விமானத்திலிருந்து சர்வதேச விமானத்துக்கு மாறுவதால் மூன்றரைக்குக் குறையாமல். முதியவர்கள் சக்கர நாற்காலி உதவியோடு போனால் எல்லாவற்றோடும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். உதவியாளர் வந்து சேரும் வரை நாற்காலியில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

டொராண்டோ போகும் அன்றைய கடைசி விமானத்தில் இணைப்பு எடுக்க வேண்டாம். அன்றைக்கு அதன்பின் இன்னொரு விமானம் இருந்தால், தவறவிட்டாலும் சில மணி நேரத்தில் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஓர் இரவு அங்கேயே.

முனையம் மாறுகிறதா என்றும் பாருங்கள். ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் சென்னை விமானம் ஐந்தாம் முனையத்தில் வந்து நிற்கும். ஏர் கனடா கிளம்புவது இரண்டாம் முனையத்திலிருந்து. நடுவே பேருந்து. பிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சாவும் ஏர் கனடாவும் முதல் முனையத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

*விசா.* நேரக் கணக்கில் விசாவுக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். விசா இல்லாமல் செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் போவது ஒரு நாள் மட்டுமல்ல. இடையில் மாறும் நாட்டின் விதி உங்கள் பாஸ்போர்ட்டையும் கையிலிருக்கும் கனடா விசா வகையையும் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு விதி, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வேறு விதி இருக்கலாம். கவுண்டர் ஊழியர் பார்ப்பது டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தை. பல விமான நிறுவனங்களின் தளங்களில் அதே தகவலை நீங்களே பார்க்க முடியும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கும் இரண்டு நிறுத்த டிக்கெட்டுகளில் ஒரு பொறி உண்டு. சென்னை – பிராங்க்ஃபர்ட் – மியூனிக் – டொராண்டோ என்று இருந்தால், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து மியூனிக் போவது ஷெங்கன் பகுதிக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குள்) நடக்கும் பயணம். அதற்குக் குடியேற்றத்தைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டும். ஷெங்கன் விசா தேவை. ஒரே ஒரு ஐரோப்பிய நிலையத்தில் மாறுவதற்கும் இரண்டில் மாறுவதற்கும் அவ்வளவு வித்தியாசம். அமெரிக்க நகரம் வழியாக இருந்தால் இன்னும் கடுமை: அங்கே வெளியே வராமல் மாறும் ஏற்பாடே கிடையாது. இரண்டு மணி நேரம் நின்று போகவும் இந்தியப் பயணிக்கு அமெரிக்க விசா வேண்டும்.

*பெட்டி.* முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் சென்னையில் கொடுக்கும் பெட்டி நேராக டொராண்டோவில் வரும். கவுண்டரில் பெட்டியில் ஒட்டும் பட்டையைப் படியுங்கள். இறுதி ஊரின் மூன்றெழுத்துக் குறி ஒய்ஒய்இசட் என்று பெரிதாக இருக்க வேண்டும். இணைப்பு ஊரின் குறி மட்டும் இருந்தால் அங்கேயே கேட்டு மாற்றுங்கள். கையில் தரும் சிறு துண்டை டொராண்டோவில் பெட்டி கைக்கு வரும்வரை தூக்கி எறியாதீர்கள்.

சென்னை – துபாய் ஒரு டிக்கெட், துபாய் – டொராண்டோ தனி டிக்கெட் என்று பிரித்து எடுப்பது மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. புது டிக்கெட் உங்கள் செலவு. அப்படித்தான் எடுத்தாக வேண்டுமென்றால் நடுவில் ஓர் இரவு தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து வளைகுடா போய் அங்கே தனி டிக்கெட்டில் மாறுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

படி 7: வீட்டிலிருந்து வீடு வரை கூட்டுங்கள்

ஊரில் வரவேற்க வருபவர்களுக்குத் தேவை இந்தக் கணக்குதான். முந்தைய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னைத் தாம்பரத்திலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி வரை.

சர்வதேச விமானங்களுக்குச் செக்-இன் கவுண்டர் பொதுவாகக் கிளம்ப ஒரு மணி முன்பு மூடிவிடும். சென்னையில் குடியேற்ற வரிசை நள்ளிரவில்தான் நீளும், எல்லா விமானமும் அந்த நேரத்தில் கிளம்புவதால். மூன்று மணி முன்னதாக உள்ளே இருப்பது நல்லது. 1:50 விமானத்துக்கு இரவு 9:45-க்கு வீட்டை விட்டால் பத்தரைக்குள் டி2 முனையத்தில் இருக்கலாம். மெட்ரோவும் புறநகர் ரயிலும் இந்த நேரத்தில் ஓடும், ஆனால் 23 கிலோ பெட்டி இரண்டோடு திரிசூலத்தில் இறங்கி ஏறுவதற்கு டாக்ஸியே மேல். திருச்சியிலிருந்து வருபவர்கள் சாலை வழி 330 கி.மீ.க்கு ஆறேழு மணி வைத்து, அதற்கு மேல் இரண்டு மணி கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவில் 3:50-க்குச் சக்கரம் தரையைத் தொட்டாலும், குடியேற்றம், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்றரை மணி. முதன்முறையாகப் படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்கு அனுமதிப் பத்திரத்தை விமான நிலையத்தில்தான் அச்சிட்டுத் தருவார்கள். அதற்குத் தனி வரிசை. செப்டம்பர் சேர்க்கைக்கு மாணவர்கள் குவியும் ஆகஸ்டு கடைசியில் அங்கே இன்னும் ஒன்றிரண்டு மணி கூடும். ஐந்தேகாலுக்கு மேல் வெளியே வந்தால் 401 நெடுஞ்சாலை மாலை நெரிசலில் இருக்கும். ஸ்கார்பரோவுக்கு ஒன்றேகால் மணி எடுத்துக்கொள்ளுங்கள். நகர மையத்துக்குப் போகிறவர்கள் யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடத்தில் யூனியன் நிலையம் சேர்ந்துவிடலாம்.

செவ்வாய் இரவு 9:45-க்குத் தாம்பரத்தில் பூட்டிய கதவு, புதன் மாலை 6:35-க்கு ஸ்கார்பரோவில் திறக்கும் கதவு. இந்திய நேரப்படி அது வியாழன் விடிகாலை 4:05. மொத்தம் 30 மணி 20 நிமிடம். இதில் காற்றில் இருந்தது பதினெட்டரை மணிதான்.

டொராண்டோவுக்கு அப்பால் வின்னிபெக், கால்கரி என்று தொடர்ந்து போகிறவர்கள் கவனிக்க: கனடாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றம் முடிக்க வேண்டும். பெட்டியையும் பொதுவாக அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட வேண்டியிருக்கும். மூன்று மணி இணைப்புக்குக் குறைய வேண்டாம்.

படி 8: திரும்பும் பயணத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்

போகும் நேரத்தை அப்படியே திரும்பும் நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்காற்றால் பறக்கும் நேரம் குறையும். கடிகாரமோ முன்னே ஓடும். டொராண்டோவில் மாலை 6:30-க்குக் கிளம்பி, ஏழரை மணி பறந்து, மறுநாள் காலை 8 மணிக்கு பிராங்க்ஃபர்ட். அங்கே இரண்டரை மணி. 10:30-க்குக் கிளம்பி, ஒன்பதேகால் மணி பறந்து இரவு 11:15-க்குச் சென்னை. மொத்தம் 19 மணி 15 நிமிடம். துபாய் வழியாக என்றால் டொராண்டோ – துபாய் பன்னிரண்டே முக்கால் மணி அளவுதான், போகும்போது 14. டெல்லி வழியாக வருகிறவர்கள் டெல்லியில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டும்; அங்கும் மூன்று மணி வையுங்கள்.

காலநிலை கூட்டும் மணிகள்

டிசம்பர் முதல் மார்ச் வரை டொராண்டோவிலிருந்து கிளம்பும் விமானங்களின் இறக்கையில் படிந்த பனியை மருந்து அடித்து நீக்கிய பிறகே பறக்க விடுவார்கள். வரிசையில் நின்றால் இருபது முதல் நாற்பது நிமிடம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் விடிகாலை மூடுபனி. அந்த மாதங்களில் டெல்லியில் அதிகாலை இணைப்பு எடுக்கவே வேண்டாம், பிற்பகல் இணைப்பு எடுங்கள்.

சென்னையில் பயப்பட வேண்டியது நவம்பர், டிசம்பர் மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுதளத்தில் நீர் நின்று மறுநாள் காலை வரை சேவை நின்றது. இந்த மாதங்களில் வேலை சேரும் நாளுக்கோ வகுப்பு தொடங்கும் நாளுக்கோ இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணமின்றித் தேதி மாற்றித் தருவார்கள். அந்த அறிவிப்பு வந்த அன்றே மாற்றிவிடுங்கள். மறுநாள் எல்லோரும் மாற்ற வருவார்கள், இருக்கை இருக்காது.

கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பு ஆன்லைன் செக்-இன் செய்யும்போது இரண்டு விமானங்களின் நேரத்தையும் முனைய எண்ணையும் மறுபடி பாருங்கள். இணைப்பு ஒன்றரை மணிக்குக் கீழே சுருங்கியிருந்தால் உடனே நிறுவனத்தைக் கூப்பிட்டு அடுத்த விமானத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அட்டவணையை மாற்றியது அவர்கள் என்பதால் பெரும்பாலும் கூடுதல் பணம் கேட்க மாட்டார்கள்.